ஆறு மணி நேரக் கட்டம்

போன மாதம் ஒரு நாள் காலையில் பவித்ரா போன் செய்தாள். கிழக்குத் தாம்பரத்தில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த அலர்ஜி கிளினிக்கில் இப்போது என் நாற்காலியில் உட்காருகிற நர்ஸ் அவள். கெட்டிக்காரி. பேச ஆரம்பித்தால் மட்டும் எதிராளிக்கு மூச்சுவிட இடம் கொடுக்க மாட்டாள்.

“அக்கா, இங்க எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்துறோம். டெஸ்ட் கார்டு இனிமே கிடையாது. ஒரே ஒரு டவுட்டு. கார்டுல நாலாவது கட்டம், ‘ஆறு மணி நேரம்’னு போட்டிருக்கே, அதைத் தூக்கிடலாமா? உங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு டாக்டர் மேடம் சொன்னாங்க.”

“ஏன் தூக்கணும்?”

“பழைய கார்டு ஒரு முந்நூறு எடுத்துப் பாத்தேங்க்கா. ஏறக்குறைய எல்லாத்துலயும் ‘இல்லை’, ‘இல்லை’ன்னுதான் இருக்கு. எல்லாம் உங்க கையெழுத்துதான், முத்து முத்தா. யாருக்குமே வராத ஒண்ணுக்கு எதுக்குக்கா தனியா ஒரு கட்டம்?”

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. மறுபடி இரண்டு முறை கூப்பிட்டாள். எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு பக்கம் போதும் என்றாள். ஒரு பக்கத்தில் அடங்குகிற விஷயமாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன்.

நான் செங்கல்பட்டில் நர்சிங் படித்தவள். படித்து முடித்து இரண்டு வருடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு. அங்கே கற்றதெல்லாம் கால் வலியும் குரலை உயர்த்தாமல் அதட்டுவதும்தான். கல்யாணமாகி மாடம்பாக்கத்துக்கு வந்த பிறகு பகல் வேலை மட்டும் தேடினேன். அப்போதுதான் டாக்டர் அருளானந்தம் புதிதாக அந்தக் கிளினிக்கைத் தொடங்கியிருந்தார். இரண்டு அறை, வெளியே ஒரு வாதா மரம், அதன் அடியில் ஒரு நீள பெஞ்சு. வேலை கேட்டுப் போன அன்று என்னை ஒரு தாளில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதச் சொன்னார். எழுதினேன். “நாளைக்கு வந்துடுங்க” என்றார். என் கையெழுத்துக்காகத்தான் எனக்கு வேலை கிடைத்தது. கடைசியில் வினையும் அதனால்தான் வந்தது.

டாக்டர் கத்த மாட்டார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் எல்லோருமே கத்துகிறவர்கள், அது எனக்குப் பழக்கம். கார்டில் ஏதாவது பிசகு இருந்தால் அதை எடுத்துவந்து என் மேஜையில் வைப்பார். தன் பேனாவை மூடி கழற்றி அதன் மேல் வைப்பார். மூலையில் இருக்கும் வாஷ் பேசினுக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்துவிடுவார். அவர் கழுவி முடிப்பதற்குள் நான் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். அழிக்கக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, அதற்கு மேலே சரியானது, பக்கத்தில் என் இனிஷியல். அடித்தது என்னவென்று பிறகு யார் எடுத்தாலும் படிக்க முடிய வேண்டும் என்பார்.

கார்டைத் தமிழில் எழுத வேண்டும் என்பதும் அவர் வைத்த சட்டம். ஒரு பிரதி நோயாளி கையில் போகும். “அவங்க உடம்பைப் பத்தி எழுதியிருக்கிறது அவங்களுக்குப் புரியலைன்னா எப்படிம்மா?” என்பார். மற்ற ஆஸ்பத்திரிகளில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

சோதனை இப்படித்தான். முன்கையின் உட்புறத்தைத் துடைத்துவிட்டு, மார்க்கர் பேனாவால் வரிசையாக எண் போட வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு மருந்து. ஒன்றில் வீட்டுத் தூசிப் பூச்சி, ஒன்றில் கரப்பான், ஒன்றில் பார்த்தீனியம், ஒன்றில் கோதுமை மாவு. சொட்டின் வழியாக ஊசிமுனையால் தோலை லேசாக ஒரு குத்து. ரத்தம் வரக் கூடாது, வந்தால் அது உன் கை பதறியதற்கு அத்தாட்சி. பிறகு காகிதத்தால் ஒற்ற வேண்டும், ஒரு சொட்டு இன்னொரு சொட்டோடு சேர்ந்துவிடாமல். முதல் எண் வெறும் உப்புத் தண்ணீர், அங்கே ஒன்றும் எழும்பக் கூடாது. கடைசி எண் ஹிஸ்டமின், அலர்ஜியில் உடம்பே சுரக்கிற ரசாயனம், அங்கே கட்டாயம் கொசு கடித்த மாதிரி தடிக்க வேண்டும். தடிக்கவில்லை என்றால் ஆள் முந்தின நாள் சளி மாத்திரை போட்டிருக்கிறார் என்று அர்த்தம். வாயால் எவ்வளவு சத்தியம் செய்தாலும் கை காட்டிக் கொடுத்துவிடும். கேட்டரிங் வேலை செய்கிற ஒரு பெரியவர் என்னிடம் மூன்று முறை அப்படி மாட்டிக்கொண்டார். “இன்னா சிஸ்டர், போலீஸ் டேசன்ல கூட நான் தப்பிச்சுடுவேன், உங்களாண்ட முடியலையே” என்பார்.

பதினைந்து நிமிடம் கழித்துத் தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்து, கண்ணாடி டேப்பை அதன் மேல் ஒட்டி எடுத்தால் கோடு டேப்பில் வந்துவிடும். அதைக் கார்டில் ஒட்டி, அளவுகோலால் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து எழுத வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சந்தேகம்தான். சந்தேகமானவற்றைத் தோலுக்குள் மிகச் சின்ன ஊசியாகப் போட்டு இன்னொரு முறை பார்ப்போம். ஆக, கார்டில் நான்கு கட்டம். பொருளின் பெயர், குத்தியதன் அளவு, ஊசியின் அளவு, நான்காவதாக ஆறு மணி நேரம்.

அந்த நான்காவது கட்டம் எதற்கு என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நானே கேட்டேன். டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“உங்க தெருவுல குழாயடிச் சண்டை பாத்திருக்கீங்களாம்மா? முதல்ல ரெண்டு பேரு கத்துவாங்க. குடம் உருளும். பத்து நிமிஷத்துல அடங்கிடும். அது ஹிஸ்டமின். நாம கால் மணி நேரத்துல அளக்கிறது அதைத்தான். ஆனா கத்தின ரெண்டு பேரும் சும்மா வீட்டுக்குப் போறதில்ல. ஆளுக்கு ஒரு பக்கம் சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிட்டுத்தான் போறாங்க. சாயங்காலம் வேன் பிடிச்சு வந்து இறங்குவாங்க பாருங்க, அதுதான் நிஜமான சண்டை. கதவு உடையறது அப்பதான்.”

“சொல்லி அனுப்பறது யாரு சார்?”

“சைட்டோகைன். ஒரு செல்லு இன்னொரு செல்லுக்கு அனுப்புற தகவல். துளியூண்டு புரதம். நாலாம் நம்பர், அஞ்சாம் நம்பர், பதிமூணாம் நம்பர்னு மூணு பேரு அலர்ஜியில முக்கியம். நாலு போய் அலர்ஜிக்கு உண்டான ஆன்டிபாடியை இன்னும் செய்யச் சொல்லும். அஞ்சு ஈசினோபில்னு ஒரு படையையே கூட்டிட்டு வரும். பதிமூணு மூச்சுக்குழாய்ல சளியைக் கொட்டும், குழாயை இறுக்கும். இதெல்லாம் நடந்து முடிய அஞ்சாறு மணி நேரம் ஆகும். காலையில தூசியில நின்னவனுக்கு அங்க ஒண்ணும் பண்ணாம, சாயங்காலம் வீட்டுல ஏன் இழுக்குதுன்னா இதனாலதான். கால் மணி நேரத்தை மட்டும் பாத்துட்டு ஆளை அனுப்பிடறது குடம் உருண்டதை மட்டும் எழுதிட்டுப் போற மாதிரி.”

எனக்கு அந்த எண்கள் பஸ் நம்பர் மாதிரி மனதில் பதிந்துவிட்டன. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நானும் அதே குழாயடிச் சண்டையைத்தான் சொல்வேன். சொல்வதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆரம்பத்தில் எல்லோரையும் உட்கார வைத்தோம். காலை ஒன்பதரைக்குச் சோதனை என்றால் மூன்றரை வரைக்கும் வாதா மரத்தடி பெஞ்சில் இருப்பார்கள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு வருவார்கள். மூன்றரைக்கு நான் வெளியே போய் ஒவ்வொரு கையையும் தடவிப் பார்ப்பேன். பார்த்தால் மட்டும் போதாது, இந்த இரண்டாவது வீக்கத்துக்கு ஓரம் தெளிவாக இருக்காது. விரலால் தடவினால்தான் தோலுக்கு அடியில் கெட்டியாக, சூடாகத் தெரியும். பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இருக்கும்.

பிறகு கூட்டம் ஏறியது. காட்டாங்குளத்தூர் காலேஜ் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு மதியம் வகுப்பு. மறைமலை நகர் கம்பெனி ஆட்களுக்கு ஷிப்ட். பெஞ்சில் இடமில்லை. ஒரு பெரியவர் கூடுவாஞ்சேரிக்குப் போயாக வேண்டும் என்று அடம் பிடித்தார். வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். ‘இல்லை’ என்று எழுதினேன். அது உண்மைதான். அடுத்த வாரம் ஒரு பெண் போனை எடுக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன். மறுநாள் கார்டு என் மேஜைக்கு வந்தது, மேலே மூடி கழற்றிய பேனா. காலியாக விடக் கூடாது என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன். ‘பார்க்கவில்லை’ என்று எழுதியிருக்கலாம். அதை எழுதினால் ஏன் பார்க்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன். டாக்டர் கை துடைத்துக்கொண்டு வந்தார், பார்த்தார், தலையாட்டினார்.

அன்றோடு எனக்குத் துளிர் விட்டுப்போனது. போனில் கேட்கிற விதமும் மாறியது. “கை வீங்கியிருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தவள், “கை வீங்கலையே?” என்று கேட்க ஆரம்பித்தேன். அப்படிக் கேட்டால் எல்லோரும் “இல்லீங்க” என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மூன்றரைக்கு மரத்தடிக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆனபோதுதான் காஜா மொய்தீன் பாய் வந்தார்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் சொந்த பேக்கரி. நாற்பது வயது இருக்கும். விடிகாலையில் மாவு பிசைவதிலிருந்து அடுப்பில் தட்டு தள்ளுவதுவரை எல்லாம் அவர் கைதான். எட்டு மாதமாக இருமல், சாயங்காலமானால் நெஞ்சை அடைக்கிறது என்று வந்தார்.

“கடையில வேலை பாக்குறப்போ வருதா பாய்?” என்று டாக்டர் கேட்டார்.

“அங்க ஒண்ணும் இல்ல சார். மாவு மூட்டையாண்ட நிக்கிறப்போ தும்மல்கூட இல்ல. மதியம் வூட்டுக்கு வந்து சாப்ட்டு, சாயங்காலம் அசர் தொழுதுட்டு உக்காருவேன். அப்பதான் புடிச்சுக்கும். படுக்கையை ஒதறினா வருதோ இன்னாவோ.”

மாவா, படுக்கையிலிருக்கும் தூசிப் பூச்சியா. கேள்வி அவ்வளவுதான். டாக்டருக்கு மாவின் மேல் சந்தேகம். இரண்டு வாரம் கடைக்குப் போகாமல் இருந்து பாருங்கள் என்றார். பாய் சிரித்துவிட்டார். “நான் போவலேன்னா அடுப்பு எரியாது சார். நோம்பு வேற வருது.”

சோதனை செய்தோம். வெள்ளிக்கிழமை. தூசிப் பூச்சி ஆறு மில்லிமீட்டர், மாவு இரண்டே இரண்டு. மாவை ஊசியாகப் போட்டுப் பார்த்தேன், கால் மணி நேரத்தில் அதுவும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. டாக்டர் கதவருகில் நின்று என்னிடம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. “அம்மா, இவருக்கு ஆறு மணி நேரம் முக்கியம். நாளைக்கு நான் அதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்.”

பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டும் என்றார். நியாயம்தானே. “மூணரைக்குக் கட்டாயம் வந்துடுங்க பாய்” என்றேன். வரவில்லை. நாலு மணிக்குப் போன் போட்டேன். அவர் மனைவி நூர்ஜஹான் எடுத்தார்.

“அவரு கடையில அடுப்பாண்ட கீறாரு சிஸ்டர். காலையில வுட்ட வேலை, இப்பதான் பன்னு எடுக்குறாரு.”

“அவருக்குக் கை ஒண்ணும் வீங்கலையே?”

“ஒண்ணும் சொல்லலீங்களே.”

“சரிம்மா” என்று வைத்தேன். ராஜகீழ்ப்பாக்கம் கிளினிக்கிலிருந்து ஷேர் ஆட்டோவில் பதினைந்து நிமிடம். மாடம்பாக்கத்துக்குப் போகிற நான் அன்று அந்த ஜங்ஷன் வழியாகத்தான் வீட்டுக்குப் போனேன். இறங்கி ஒரு நிமிடம் அவர் கையைத் தடவிப் பார்த்திருக்கலாம். பேக்கரி வாசலில் கூட்டம் இருந்தது, எனக்கு அன்று தலைவலி. போவதற்கு முன்பே கார்டில் எழுதியாகிவிட்டது. மாவுக்கு நேராக, நான்காவது கட்டத்தில், ‘இல்லை’.

மறுநாள் டாக்டர் கார்டை வெகு நேரம் பார்த்தார். மாவு இல்லை, தூசிப் பூச்சிதான் என்று முடிவு செய்தார். தலையணை உறையை வெந்நீரில் துவைக்க, பஞ்சு மெத்தையை எடுத்துவிட, இரண்டு வேளை இன்ஹேலர் இழுக்கச் சொன்னார். “கடைக்குப் போலாமா சார்?” என்று பாய் கேட்டார். “தாராளமா போங்க” என்றார் டாக்டர். பாய் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த முறை வரும்போது எனக்கு ஒரு பை நிறைய ரஸ்க் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன்.

இரண்டரை வருடம் அவர் மாவில் நின்றார். இன்ஹேலர் இழுத்தால் கொஞ்சம் தேவலை, மறுபடி பழையபடி. மூன்று மாதம் வருவார், ஆறு மாதம் வர மாட்டார். ஒரு நாள் சாயங்காலம் மூச்சே நின்றுவிடுகிற மாதிரி ஆகி, பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்துவிட்டுக் கிளினிக்குக்கு வந்தார். பாதி உடம்பாகியிருந்தார். வெளியே பெஞ்சிலிருந்து டாக்டர் அறைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார்.

அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு நான் வெளியே வந்தபோது நூர்ஜஹான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அல்லா மேல ஆணையா சொல்றேன் சிஸ்டர், எனக்கு அப்பவே பயம். நீங்க மொத தபா ஊசி போட்டீங்களே, அன்னிக்குப் பொழுது சாஞ்சு மஃரிப் தொழுவுற நேரத்துக்கு வூட்டுக்கு வந்தாரு. மாவு ஊசி போட்ட எடம் எலுமிச்சம்பழம் கணக்கா வீங்கிக்கினு கீது. தொட்டா கொதிக்குது. அடுப்பு அனல் பட்டிருக்கும்னு சொன்னாரு. நீங்க போன்ல கேட்டப்போ நான் அவரைக் கேக்காமயே சொல்லிட்டேன். என் மேலதான் தப்பு.”

அந்த அம்மா தன் மேல் தப்பு என்கிறார். நான், “விடுங்கம்மா, அழாதீங்க” என்றேன். சொல்லியிருக்க வேண்டியது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

டாக்டர் ரத்தம் எடுத்து வெளியே ஒரு லேபுக்கு அனுப்பினார். கோதுமை மாவுக்கான ஆன்டிபாடி ஏகத்துக்கு இருந்தது. முடிவு வந்த அன்று மதியம் எங்கள் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ரிசப்ஷன் பெண், மருந்து கொடுப்பவர், நான். அவர் மேஜையில் காஜா பாயின் கார்டு.

“இது என் தப்பு” என்றார். “அந்த மனுசன் முதல் நாளே சொன்னாரு, சாயங்காலம்தான் வருதுன்னு. அதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது. நான் அவரைக் கேக்காம கார்டைக் கேட்டேன். ரெண்டரை வருஷமா அந்த சைட்டோகைன்கள் தெனமும் வேலை செஞ்சிருக்கு. குழாய்ச் சுவரே தடிச்சுப் போச்சு. மாவை விட்டு விலகினா இனிமே மோசமாகாம இருக்கும், போனது திரும்பாது. இது என் தப்புன்னு நீங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும்.”

மற்ற இருவரும் போய்விட்டார்கள். நான் நின்றேன். டாக்டர் கார்டை என் பக்கம் நகர்த்தினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கார்டின் மேல் வைத்தார். எழுந்து போய்க் கை கழுவ ஆரம்பித்தார்.

அவருக்குத் தெரிந்திருந்ததா, வெறும் பழக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வழக்கத்தைவிட வெகு நேரம் கழுவினார் என்று மட்டும் தெரியும். ‘இல்லை’ என்பதன் மேல் ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்? நான் பேனாவை எடுத்தேன். மூடியைப் போட்டேன். கார்டின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து மூன்றரைக்கு நான் மறுபடி மரத்தடிக்குப் போக ஆரம்பித்தேன். அதுவும் கொஞ்ச காலம்தான், பிறகு பழையபடி. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒருவருடைய பாதி மூச்சு போன பிறகும் நான் திருந்தியது சில மாதங்களுக்குத்தான். டாக்டர் உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருந்தபோது இரண்டு முறை பார்க்கப் போனேன். இரண்டு முறையும், “பேக்கரி பாய் எப்படி இருக்காரும்மா?” என்று கேட்டார். “நல்லா இருக்கார் சார்” என்றேன். அதையும் பார்க்காமல்தான் சொன்னேன். அடுத்த முறை போனது சாவுக்கு.

இப்போது கிளினிக்கில் ஒரு லேடி டாக்டர். அந்த எண்களைத் தடுக்கவே ஊசி வந்துவிட்டது. ஐந்தைத் தடுக்க ஒன்று, நாலையும் பதிமூன்றையும் சேர்த்துத் தடுக்க இன்னொன்று. தகவல் போய்ச் சேராமலேயே செய்துவிடும். பவித்ரா இரண்டாவது முறை கூப்பிட்டபோது இதையும் சொன்னாள். “ராஜகீழ்ப்பாக்கம் பாய் ஒருத்தருக்குப் போடலாமான்னு மேடம் பாக்குறாங்கக்கா. இருக்கறதைக் காப்பாத்தலாமாம், போன வரைக்கும் போனதுதானாம். இன்னும் பத்து வருஷம் முன்னாடி இந்த ஊசி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னாங்க.”

ஊசி அன்று இல்லைதான். ஆனால் ஷேர் ஆட்டோ இருந்தது, என் விரல் இருந்தது.

போன வாரம் ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கினேன். பேக்கரியை அவர் தம்பி நடத்துகிறார். பாய் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்றேன். நூர்ஜஹான் டீயும் எதிர்க் கடையிலிருந்து சூடாக பன்னும் கொண்டுவந்தார்.

“நீங்க சாப்பிடலாமா பாய்?”

“சாப்ட்டா ஒண்ணும் பண்ணாது சிஸ்டர்.” நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினார். “மூச்சுல போனாத்தான் பேஜார். அதான் ரோட்டுக்கு இந்தாண்ட உக்காந்து வாசனை மட்டும் புடிச்சுக்கினு கீறேன்.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டேன். போனில் நான் கேட்ட விதம், அவர் கையை நான் பார்க்கவே இல்லை என்பது, நூர்ஜஹான் மேல் ஒரு தப்பும் இல்லை என்பது, டாக்டர் தன் தப்பு என்று சொன்னபோது நான் பேனாவை மூடியது. நூர்ஜஹான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இத்தனை வருடம் அந்தத் தப்பைத் தன்னுடையது என்று சுமந்தவர் அவர். ஆறிப்போன டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பாய் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மேலே சுருட்டினார். முன்கையின் உட்புறத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். “இங்கதான் சிஸ்டர்.” நான் விரலால் தடவினேன். வெறும் தோல்தான்.

“அனல்னு நூர்கிட்ட சும்மா சொன்னேன்” என்றார். “எனக்குத் தெரியும், அது மாவு ஊசி போட்ட எடம்னு. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். மாவு ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டா கடையை வுட்டுடறதுன்னு முடிவு பண்ணிக்கினுதான் காலையில வந்தேன்.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “வந்து பாத்தா, கார்டுல ‘இல்லை’ன்னு எழுதியிருக்கீங்க. அழகா, அச்சடிச்ச மாதிரி. படிச்சவங்க எழுதியிருக்காங்க, அப்போ இது வேற இன்னாவோ வீக்கம்னு நெனைச்சு, டாக்டராண்ட கையைக் காட்டாமயே வுட்டுட்டேன். என் கையை நான் நம்பல சிஸ்டர். உங்க எழுத்தைத்தான் நம்புனேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பவித்ரா, அந்தக் கட்டத்தை எடுக்காதே. ‘இல்லை’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘பார்க்கவில்லை’ என்று ஒன்றையும் போடச் சொல். மேடத்திடம் இதை அப்படியே காட்டு, என் பெயரை மறைக்க வேண்டாம். காஜா பாயின் கார்டை எடுத்து வை. நான் வந்து ஒரு கோடு போட்டு இனிஷியல் போடுகிறேன். மிச்சமிருக்கிற முந்நூறில் எதைப் பார்த்து எழுதினேன், எதைப் பார்க்காமல் எழுதினேன் என்று கேட்காதே. எல்லாம் ஒரே கையெழுத்து, எனக்கே அடையாளம் தெரியவில்லை.